பொம்மையைப் பிரித்து வைப்போம், பேச்சை வளர்ப்போம்

மாலையில் கூடம் முழுக்கப் பொம்மை இறைந்து கிடக்கிறதா? நீங்களே அள்ளிப் போட்டுவிடாதீர்கள். மூன்று வயதுக் குழந்தைக்குப் பேச்சு பழக்க இதைவிட வசதியான நேரம் கிடையாது.

தேவையானவை: இரண்டு தட்டு, பத்துப் பன்னிரண்டு பொருள். அதற்கு மேல் போனால் சலித்துவிடும். மூன்று வயது நிரம்பாத பிள்ளை என்றால் கோலிக்குண்டு, சோழி இரண்டையும் எடுத்துவிடுங்கள்; நேரே வாய்க்குத்தான் போகும்.

முதல் படி, பெயர். ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து, "இது அம்மி, இது உரல்" என்று நீங்களே சொல்லுங்கள். "இது என்ன, அது என்ன" என்று பரீட்சை வைக்காதீர்கள்.

இரண்டாவது படி, பிரிப்பது. எல்லோரும் நிறத்தில்தான் தொடங்குகிறார்கள். எனக்கு அதில் அவ்வளவு நாட்டமில்லை. சிவப்பு, பச்சை என்று நாலு சொல்லோடு நின்றுவிடும். உருளும், உருளாது என்று பிரித்துப் பாருங்கள். பந்து உருளும். மரப்பாச்சி உருளாது. சொப்புச் சாமானில் அம்மி உருளாது, ஆனால் குழவி உருளும்! பம்பரத்தை என் மகள் தரையில் உருட்டினாள். அது ஓடாமல், ஆணியை மையமாக வைத்து வட்டமடித்தது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இரண்டு தட்டுக்கும் இடையில் வைத்து, "இது நடுவில்" என்றாள். அந்தச் சொல்லை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

மூன்றாவது படி, எடுத்து வைப்பது. "அங்கே வை" என்று விரலை நீட்டினால் குழந்தை விரல் காட்டும் இடத்தைப் பார்த்தே வைத்துவிடும், சொல்லைக் கவனிக்கத் தேவையிருக்காது. கையைக் கட்டிக்கொண்டு, "செம்பைப் பானைக்குள் போடு, தட்டுக்கு அடியில் கரண்டியைச் சொருகு" என்று சொல்லுங்கள். கொட்டு, அள்ளு, அடுக்கு, கவிழ்த்து என்று எத்தனை வினைச்சொல் இருக்கிறது! 'வை' ஒன்றை வைத்தே காலம் தள்ள வேண்டாம்.

நடுநடுவே வேண்டுமென்றே தப்புச் செய்யுங்கள். பந்துத் தட்டில் மரப்பாச்சியைப் போட்டுவிட்டு, மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அவசரப்பட்டு வாயைத் திறக்காதீர்கள், "ஐயோ, இது உருளாது!" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து வரும்.

நாலு வயதானால் எழுத்தின் ஒலியை வைத்தும் பிரிக்கலாம்: பந்து, பம்பரம், பல்லாங்குழி ஒரு பக்கம். 'வாளைப்பளம்' என்று சொன்னால் திருத்த வேண்டாம். "ஆமாம், வாழைப்பழம்" என்று சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு நகருங்கள். ழகரம் மெதுவாகத்தான் படியும்.

பொம்மைகள் பறக்கத் தொடங்கினால் அன்றைக்குப் போதும். மிச்சத்தை நீங்களே அள்ளிப் போட்டுவிடலாம்.