பட்ஜெட் பற்றி மக்கள் கருத்து: கேட்பதிலும் படிப்பதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அரசாங்கம் பொருளாதாரத்தை எப்படி நடத்துகிறது?" என்று தமிழ்நாட்டில் ஒரு வீட்டு வாசலில் நின்று கேட்டால், பதில் சொல்பவர் மனதில் இருப்பது கோட்டையா டில்லியா என்று கேட்டவருக்குத் தெரியாது. மகளிர் உரிமைத் தொகை மாநில அரசு தருவது. ரேஷன் அரிசியில் ஒன்றிய அரசின் பங்கும் மாநில அரசின் பங்கும் கலந்திருக்கின்றன. மின்கட்டணமும் பேருந்துக் கட்டணமும் மாநிலத்தின் கையில். பிப்ரவரி 1 அன்று ஒன்றிய பட்ஜெட் வந்தால் சில வாரங்களில் மாநில பட்ஜெட் வருகிறது. 2021 முதல் வேளாண்மைக்கென்று தனி பட்ஜெட்டும் சேர்ந்துகொண்டது. பேச்சுவழக்கில் 'கவர்மென்ட்' என்ற ஒரே சொல் இத்தனைக்கும் பொது. இப்படிக் கேட்டு வாங்கிய பதிலை "ஒன்றிய பட்ஜெட் குறித்துத் தமிழக மக்கள் கருத்து" என்று தலைப்பிட்டு வெளியிட்டால், கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் முடிவு தவறுதான்.

இதைத் தவிர்க்க, கேள்விக்கு முன்னால் ஒரு வாக்கியம் போதும்: "டில்லியில் ஒன்றிய நிதியமைச்சர் பிப்ரவரி 1 அன்று வாசித்த பட்ஜெட்டைப் பற்றிக் கேட்கிறேன். அதைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டீர்களா?" இல்லை என்பவரிடம் பட்ஜெட் நல்லதா கெட்டதா என்று கேட்கக் கூடாது. நேராக வீட்டு வரவு செலவு பற்றிய கேள்விகளுக்குப் போய்விட வேண்டும். கேள்விப்படாதவரை வற்புறுத்தினால் அவர் மரியாதைக்காக ஏதோ ஒரு பதில் சொல்வார். அந்தப் பதில் பெரும்பாலும் ஆளுங்கட்சி மீதான பொதுவான விருப்பமோ வெறுப்போதான்.

யாரிடம் கேட்டீர்கள்?

2025 பிப்ரவரி பட்ஜெட்டில் புதிய வரிமுறையின்கீழ் 12 லட்சம் ரூபாய் வரை வருமானத்துக்கு வரி இல்லை என்ற அறிவிப்பு வந்தது. சம்பளத்தில் வரிக்கு முன்பே கழித்துக்கொள்ளும் நிலையான கழிவு 75,000 ரூபாயைச் சேர்த்தால் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம். அன்று மாலை செய்தித் தளங்களிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் நடந்த வாக்கெடுப்புகளில் பேச்செல்லாம் இதைப் பற்றித்தான். ஆனால் 2022-23ஆம் நிதியாண்டில் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தவர்கள் 7.4 கோடிப் பேர், அவர்களிலும் 5.16 கோடிப் பேருக்குக் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். உண்மையில் வரி கட்டியவர்கள் இரண்டேகால் கோடிதான். 140 கோடி மக்கள் உள்ள நாட்டில் இந்தச் சலுகையின் பலன் நேராகப் போய்ச் சேரக்கூடிய வட்டம் அவ்வளவுதான். இணைய வாக்கெடுப்பில் வந்து பொத்தானை அழுத்துவோரில் இந்த வட்டத்தினர் மிகுந்திருப்பார்கள். ஐந்து லட்சம் பேர் வாக்களித்தார்கள் என்பதால் அது நம்பகமாகிவிடாது. தானே வந்து சேர்ந்த கூட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நாட்டைப் பிரதிபலிக்கும் மாதிரி ஆகாது.

இதே வகைத் தவறுதான் பங்குச்சந்தையை மக்கள் கருத்தாக எடுத்துக்கொள்வதும். 2021 பிப்ரவரி 1 அன்று சென்செக்ஸ் 2,300 புள்ளிகளுக்கு மேல் ஏறியது. "பட்ஜெட்டுக்கு நாடே வரவேற்பு" என்று அதை எழுதலாமா? மூன்று மாதம் கழித்து, கொரோனா இரண்டாம் அலையின்போது, ரிசர்வ் வங்கியின் நுகர்வோர் நம்பிக்கைக் குறியீடு அதுவரை இல்லாத அளவுக்கு, 48.5க்கு, விழுந்தது. சந்தை நிறுவனங்களின் வருங்கால லாபத்தைக் கணிக்கிறது. குடும்பங்களோ வேலையையும் மருத்துவச் செலவையும் பார்க்கின்றன.

குறியீட்டு எண்ணைச் சதவீதமாகப் படிப்பது

ரிசர்வ் வங்கி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வெளியிடும் நகர்ப்புற நுகர்வோர் நம்பிக்கைக் கணிப்புதான் இந்தத் துறையில் தொடர்ச்சியாகக் கிடைக்கும் மிக நல்ல தரவு. 19 நகரங்கள், சுமார் 6,000 பேர். ஆனால் அதிகமாகத் தவறாகப் படிக்கப்படுவதும் அதுதான். 2024 மார்ச்சில் நடப்பு நிலைக் குறியீடு 98.5 ஆனபோது அதை "98.5 சதவீதம் பேருக்குத் திருப்தி" என்று யாராவது படித்தால் அர்த்தமே தலைகீழாகிவிடும். 100தான் நடுக்கோடு. அதற்குக் கீழே இருந்தால் அவநம்பிக்கையின் பக்கம்.

கணக்கு இப்படி: பொதுப் பொருளாதார நிலை, வேலைவாய்ப்பு, விலைவாசி, சொந்த வருமானம், செலவு என்று ஐந்து விஷயங்கள். ஒவ்வொன்றிலும் "ஓராண்டுக்கு முன்பு இருந்ததைவிட மேம்பட்டது" என்றோரின் சதவீதத்திலிருந்து "மோசமானது" என்றோரின் சதவீதத்தைக் கழிக்க வேண்டும். ஐந்து நிகர எண்களின் சராசரியை 100உடன் கூட்ட வேண்டும். கற்பனையாக ஒரு சுற்றை எடுத்துக்கொள்வோம்: பொருளாதாரம் −8, வேலை −9, விலை −88, வருமானம் +6, செலவு +72. கூட்டினால் −27. ஐந்தால் வகுத்தால் −5.4. குறியீடு 94.6.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, செலவு கூடினால் அது நம்பிக்கைக் கணக்கில் சேர்கிறது. பள்ளிக் கட்டணமும் எண்ணெய் விலையும் ஏறியதால் வேறு வழியில்லாமல் செலவு கூடிய குடும்பமும், சம்பளம் கூடியதால் தாராளமாகச் செலவழித்த குடும்பமும் அந்த வரிசையில் ஒன்றாகவே நிற்கின்றன. மேலே சொன்ன உதாரணத்தில் செலவை நீக்கிவிட்டு மற்ற நான்கை மட்டும் சராசரி எடுத்தால் 75.25தான் வரும். குறியீட்டைச் செய்தவர்களின் குறை என்று இதைச் சொல்ல மாட்டோம். நுகர்வு வளர்கிறதா என்பது பொருளாதாரத்துக்கு வேண்டிய தகவல். ஆனால் "மக்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்" என்று எழுதப்போகிறவர் கூட்டுத்தொகையோடு நிற்காமல் ஐந்து வரிசைகளையும் தனித்தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். அட்டவணைகள் அதே வெளியீட்டில் இருக்கின்றன.

மற்றொன்று, ஒப்பீடு எப்போதும் ஓராண்டுக்கு முந்தைய நிலையோடு. 2022இல் பலர் "மேம்பட்டிருக்கிறது" என்றார்கள் என்றால், அவர்கள் ஒப்பிட்டது 2021இன் மருத்துவமனை நாட்களோடு. மேம்பட்டது என்பது வேறு, நன்றாக இருக்கிறது என்பது வேறு. இதே கணிப்பில் அடுத்த ஓராண்டுக்கான எதிர்பார்ப்புக் குறியீடு ஒன்றும் உண்டு. அது வழக்கமாக நடப்பு நிலையைவிட உயரமாகவே இருக்கும். 2024 மார்ச்சில் 125.2. ஒருவர் 125ஐயும் இன்னொருவர் 98ஐயும் எடுத்துக்கொண்டு ஒரே கணிப்பை வைத்து எதிரெதிராக வாதிடுவது இதனால்தான் நடக்கிறது. எந்தக் குறியீடு என்று பெயர் சொல்லாமல் எண்ணைத் தராதீர்கள். நகரக் கணிப்பு என்பதையும் விடாமல் சொல்லுங்கள்.

"விலை குறைந்தும் மக்கள் நம்பவில்லை" என்பது

2025 அக்டோபரில் நுகர்வோர் விலைப் பணவீக்கம் 0.25 சதவீதத்துக்கு இறங்கியது. அதன் பிறகும், ரிசர்வ் வங்கி கேட்ட வீடுகள் தாங்கள் உணரும் பணவீக்கம் 6 சதவீதத்துக்கு மேல் என்றே சொல்லின. மக்களுக்குப் புள்ளிவிவரம் தெரியவில்லை, அல்லது அரசு பொய் சொல்கிறது என்று இதற்கு அவசர விளக்கம் சொல்வார்கள். இரண்டும் தேவையில்லை.

பணவீக்கம் குறைவது என்றால் விலை ஏறும் வேகம் குறைவது. 100 ரூபாய் விற்ற பொருள் ஒரு வருடத்தில் 107 ஆகி, அடுத்த வருடம் 107.25 ஆனால் பணவீக்கம் சுமார் கால் சதவீதம்தான். ஆனால் கடைக்குப் போகிறவர் மனதில் இருப்பது அந்தப் பழைய 100. சம்பளம் அதற்கு ஈடாக உயராதவரை அவருக்கு விலை ஏறியே இருக்கிறது, அது சரியான உணர்வும்கூட. தவிர, சராசரியை இறக்குவது காய்கறியாக இருக்கலாம். வீட்டு வாடகையும் டியூஷன் கட்டணமும் இறங்கியிருக்காது. ஆகவே கேள்வித்தாளில் "விலைவாசி குறைந்திருக்கிறதா?" என்று மொத்தமாகக் கேட்காமல் உணவு, வாடகை, மருத்துவம், கல்வி, போக்குவரத்து என்று பிரித்துக் கேளுங்கள். ஐந்து கேள்விக்கு இரண்டு நிமிடம் கூடுதலாகும். கிடைப்பது பயன்படக்கூடிய பதில்.

கேள்வியிலேயே பதிலை வைத்துவிடுவது

"12 லட்சம் வரை வரிவிலக்கு தந்த இந்த பட்ஜெட் நடுத்தர மக்களுக்கு நல்லதா?" என்ற கேள்வி பாதி பதிலைத் தானே சொல்லிவிடுகிறது. "கடனை ஏற்றிக்கொண்டே போகும் இந்த பட்ஜெட்" என்று தொடங்கினாலும் அதே குற்றம். "விலைவாசியையும் வேலைவாய்ப்பையும் அரசு சரியாகக் கையாள்கிறதா?" என்று கேட்டால், விலையில் திருப்தியும் வேலையில் கோபமும் உள்ளவர் என்ன சொல்வார்? ஒரு கேள்விக்கு ஒரு விஷயம்தான். "ஏற்கிறீர்களா?" என்ற வடிவத்தையும் தவிருங்கள், வந்தவரை மறுத்துப் பேச வேண்டாமே என்று "ஆமாங்க" சொல்லும் வழக்கம் நம்மிடம் வலுவாக உண்டு. "நல்லது, கெட்டது, பெரிய வித்தியாசம் இல்லை, சொல்லத் தெரியவில்லை" என்று நான்கு வாய்ப்புகளையும் வாசித்துக் காட்டுங்கள். நல்லது, கெட்டது இரண்டின் வரிசையைப் பாதிப் பேருக்கு மாற்றி வாசியுங்கள்.

கேள்விகளின் வரிசையும் பதிலை மாற்றும். தக்காளி விலை, கேஸ் விலை என்று ஐந்து நிமிடம் பேசிவிட்டு "ஒட்டுமொத்தமாக அரசின் செயல்பாடு?" என்று கேட்டால் மதிப்பெண் இறங்கும். நலத்திட்டங்களைப் பற்றிப் பேசிவிட்டுக் கேட்டால் ஏறும். பொதுக் கேள்வி முதலில், விவரக் கேள்விகள் பிறகு, எந்தக் கட்சிக்கு வாக்களித்தீர்கள் என்பது கடைசியில். கட்சியை முதலில் கேட்டுவிட்டால், அதற்குப் பின் வரும் எல்லாப் பதிலையும் அவர் தன் கட்சியைக் காப்பாற்றியே சொல்வார்.

கிராமங்களில் இன்னொன்றும் நடக்கும். கையில் பட்டியலோடு வந்தவரைப் பயனாளிக் கணக்கெடுப்புக்கு வந்த அதிகாரி என்று நினைத்துவிடுவார்கள். ரேஷன் அட்டை போய்விடுமோ, உதவித்தொகை நின்றுவிடுமோ என்ற பயத்தில் வருமானத்தைக் குறைத்தும் அரசைப் புகழ்ந்தும் பேசுவார்கள். அரசு வேலையாக வரவில்லை, பெயர் எழுதிக்கொள்ள மாட்டோம் என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். வருமானத்தைத் தொகையாகக் கேட்காமல் அடுக்குகளாகக் காட்டி ஒன்றைத் தொடச் சொல்வது நல்லது.

பட்ஜெட்டின் கையில் இல்லாததை அதன் தலையில் போடுவது

ஜிஎஸ்டி விகிதங்களை முடிவு செய்வது மாநிலங்களும் உட்கார்ந்திருக்கும் ஜிஎஸ்டி கவுன்சில். 2025 செப்டம்பர் 22 முதல் நடப்புக்கு வந்த பெரிய விகிதக் குறைப்பும் பட்ஜெட் உரையில் வந்தது இல்லை. வீட்டுக் கடன் தவணையைத் தொடும் ரெப்போ விகிதம் (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) ரிசர்வ் வங்கியின் நிதிக் கொள்கைக் குழுவுடையது. இவற்றை எல்லாம் "பட்ஜெட் எப்படி?" என்ற ஒரே கேள்விக்குள் அடைக்காமல், பட்ஜெட்டுக்கு ஒன்று, மொத்தப் பொருளாதார நிர்வாகத்துக்கு ஒன்று என்று இரண்டு கேள்விகளாக்குங்கள்.

அறிவிப்பையும் செலவையும் ஒன்றாக்குவது இன்னும் பெரிய தவறு. ஒவ்வொரு திட்டத்துக்கும் பட்ஜெட் மதிப்பீடு (முதலில் ஒதுக்கியது), திருத்திய மதிப்பீடு (ஆண்டின் நடுவில் மாற்றியது), உண்மைச் செலவு என்று மூன்று எண்கள் உண்டு. 2023-24க்கு நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு 60,000 கோடி ஒதுக்கினார்கள். முந்தைய ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடான 73,000 கோடியோடு ஒப்பிட்டால் வெட்டு 18 சதவீதம். திருத்திய மதிப்பீடான 89,400 கோடியோடு ஒப்பிட்டால் 33 சதவீதம். பிறகு அந்த ஆண்டுக்கே திருத்திய மதிப்பீடு 86,000 கோடி ஆயிற்று. எந்த எண்ணைச் சொல்லிக் கேட்டோமோ அதற்கேற்ப மக்கள் பதில் மாறும். எதைச் சொன்னோம் என்பதை முடிவோடு சேர்த்து வெளியிடாவிட்டால் அந்தக் கணிப்பைச் சரிபார்க்கவே முடியாது.

ஆண்டுகளை ஒப்பிடும்போதும் எச்சரிக்கை தேவை. 2024இல் பிப்ரவரி 1 அன்று வந்தது இடைக்கால பட்ஜெட். முழு பட்ஜெட் தேர்தல் முடிந்து ஜூலை 23 அன்றுதான் வந்தது. அந்த பிப்ரவரிக் கருத்தையும் 2025 பிப்ரவரிக் கருத்தையும் ஒரே கோட்டில் வரைவது பொருந்தாது. வரிச் சலுகையைச் சம்பளச் சீட்டில் மக்கள் பார்ப்பதே ஏப்ரலுக்குப் பிறகு என்பதால், அதே கேள்வியை மே மாதத்தில் மறுபடியும் கேட்பவர்களுக்குத்தான் பட்ஜெட்டின் உண்மையான மதிப்பெண் கிடைக்கும்.

மூன்று புள்ளி ஏறியதைக் கொண்டாடுவது

1,000 பேரிடம் சரியான முறையில் எடுத்த கணிப்பில்கூட பிழை வரம்பு, அதாவது உண்மை எண் விலகியிருக்கக்கூடிய அளவு, கூட்டல் கழித்தல் 3 சதவீதப் புள்ளிகள். 400 பேர் என்றால் 5. 100 பேர் என்றால் 10. போன வருடம் 46, இந்த வருடம் 49, இரண்டிலும் ஆயிரம் பேர் என்றால் அந்த வித்தியாசத்துக்கான வரம்பு 4.4 புள்ளிகள். அதாவது எதுவும் மாறியதாகச் சொல்ல முடியாது. ஊர் ஊராகத் தேர்ந்தெடுத்துக் கொத்தாகக் கேட்கும் முறையில் வரம்பு இன்னும் விரியும், ஏனென்றால் ஒரே தெருவில் இருப்பவர்கள் ஒரே மாதிரிப் பதில் சொல்வார்கள்.

உட்பிரிவுகளில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் லோக்நிதி-சிஎஸ்டிஎஸ் என்ற ஆய்வு அமைப்பு 10,019 பேரிடம் எடுத்த கணிப்பில் வேலையின்மையை 27 சதவீதத்தினரும் விலையேற்றத்தை 23 சதவீதத்தினரும் முதன்மைப் பிரச்சினையாகச் சொன்னார்கள். நாடு முழுவதற்குமாகப் படிக்க அது போதுமான அளவு. ஆனால் அந்த அளவுள்ள ஒரு கணிப்பில் மக்கள்தொகை விகிதப்படி தமிழ்நாட்டுக்குச் சுமார் 550 பேர்தான் வருவார்கள். அவர்களில் இளம்பெண்கள் என்று பிரித்தால் 60 பேர் தேறலாம். பிழை வரம்பு கிட்டத்தட்ட 13 புள்ளிகள். "தமிழக இளம்பெண்களில் 54 சதவீதம் பேர் பட்ஜெட்டை ஆதரிக்கிறார்கள்" என்ற செய்தியைக் கண்டால் உண்மை 41 முதல் 67 வரை எதுவாகவும் இருக்கலாம் என்று படியுங்கள்.

கடைசியாக, பதில் சொல்லாதவர்கள். 100 பேரில் 38 பேர் நல்லது, 27 பேர் கெட்டது, 35 பேர் தெரியாது என்றால், அந்த 35ஐத் தூக்கிவிட்டு "58 சதவீத ஆதரவு" என்று சிலர் எழுதுகிறார்கள். அந்த 35 பேரில் பட்ஜெட் என்ற செய்தியே எட்டாத கூலித் தொழிலாளர்களும், சமையலறையை விட்டு நகர நேரமில்லாத பெண்களும் அதிகமாக இருப்பார்கள். அந்த 35 என்ற எண்ணும் மற்ற இரண்டோடு அச்சாக வேண்டும்.