ஏ320 திரையில் வேகப் பட்டையைப் படிப்பது எப்படி

சிமுலேட்டரில் ஏ320 (ஏர்பஸ் பயணிகள் விமானம்) ஓட்டத் தொடங்கிய புதிதில், விமானியின் முன்திரையின் இடது ஓரத்தில் வேகத்தைக் காட்டும் அந்தச் சாம்பல் நிறப் பட்டையில் நான் எண்ணை மட்டும்தான் பார்ப்பேன். ஒருநாள் இறங்கி வரும்போது 235 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தில் ஃப்ளாப் (குறைந்த வேகத்திலும் பறக்க இறக்கையிலிருந்து நீட்டும் மடல்) லீவரை ஒரு படி இழுத்தேன், உடனே டிங் டிங் டிங் என்று ஓயாத மணி. முதல் படி ஃப்ளாப்புக்கு உச்சவரம்பு 230. வேகம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது, அதற்கு மேலே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைத்தான் பார்க்கவில்லை.

எனவே எண்ணை விடுங்கள், முதலில் நடுவில் அசையாமல் நிற்கும் மஞ்சள் கோட்டைப் பாருங்கள். அதுதான் நீங்கள். பட்டைதான் மேலும் கீழும் நகரும். அந்தக் கோட்டிலிருந்து மஞ்சள் அம்பு ஒன்று கிளம்பினால், இதே போக்கில் போனால் இன்னும் 10 விநாடியில் வேகம் எங்கே இருக்கும் என்பதை அதன் நுனி காட்டுகிறது. என்னைக் கேட்டால் பட்டையிலேயே உருப்படியான விஷயம் இந்த அம்புதான், த்ராட்டிலை (எஞ்சின் சக்தி லீவர்) கையால் ஓட்டும்போது நான் எண்ணைவிட இதைத்தான் நம்புவேன்.

பட்டையின் மேல்முனையில் சிவப்பும் கறுப்பும் மாறி மாறி வரும் கோடு உச்சவரம்பு. ஃப்ளாப், சக்கரம் எல்லாம் உள்ளே இருந்தால் 350 நாட் அல்லது மாக் 0.82 (ஒலியின் வேகத்தில் 0.82 பங்கு), எது முதலில் வருகிறதோ அது. 37,000 அடியில் மாக் கணக்குதான் முந்திக்கொள்ளும், வரம்பு 270 நாட்டுக்கும் கீழே இறங்கிவிடும். சக்கரத்தை இறக்கினால் 280. ஃப்ளாப்பை முழுதாக இறக்கினால் 177.

நான் அன்று கவனிக்காமல் விட்டது இன்னொன்று: சமக்குறி போல இரண்டு சின்ன ஆம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்) கோடுகள். அடுத்த படி ஃப்ளாப்பை எந்த வேகத்துக்குக் கீழே இழுக்கலாம் என்பதை அவை முன்கூட்டியே சொல்லிவிடும். மஞ்சள் கோடு அதற்குக் கீழே வந்த பிறகுதான் லீவரில் கை வைக்க வேண்டும், அம்பு மேல்நோக்கி இருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

கீழ்ப்பக்கம்தான் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம். ஆம்பர் பட்டையின் மேல்முனை வி.எல்.எஸ்., அதாவது நீங்கள் தேர்ந்தெடுக்கக்கூடிய குறைந்தபட்ச வேகம். அதற்கும் கீழே ஆம்பரும் கறுப்புமாக ஒரு பட்டை, அங்கே போனால் விமானமே மூக்கைத் தூக்கவிடாமல் தடுக்க ஆரம்பிக்கும். அதற்கும் கீழே முழுச் சிவப்பு, அதற்கு மேல் ஸ்டிக்கை இழுத்தும் பயனில்லை. இவை நிலையான எண்கள் இல்லை. ஸ்பீட்பிரேக்கை (வேகத்தைக் குறைக்க இறக்கையின் மேல் எழும் தகடுகள்) இழுத்துப் பாருங்கள், வி.எல்.எஸ். மேலே ஏறி வரும். சாய்ந்து திரும்பினால் ஆம்பர்-கறுப்புப் பட்டை எம்பும்.

நடுவில் ஒரு பச்சை வட்டம் தெரியும். ஃப்ளாப் இல்லாத நிலையில் இழுவையோடு ஒப்பிடும்போது தூக்குவிசை மிகச் சாதகமாக இருக்கும் வேகம் அது, ஒரு எஞ்சின் போனால் பிடிக்க வேண்டிய வேகமும் அதுதான். 20,000 அடிக்குக் கீழே மனக்கணக்கு சுலபம்: எடையை டன்னில் இரண்டால் பெருக்கி 85 கூட்டுங்கள். 60 டன் என்றால் 205. ஃப்ளாப் வெளியே வந்ததும் வட்டம் மறைந்து, படிக்கு ஏற்ப எஸ் அல்லது எஃப் என்ற பச்சை எழுத்து வரும்.

இலக்கு வேகம் முக்கோணமாகத் தெரியும். மெஜந்தா நிறம் என்றால் கணினி முடிவு செய்தது, வெளிர்நீலம் என்றால் நீங்கள் குமிழைத் திருகி வைத்தது. டேக்-ஆஃபில் தெரியும் வெளிர்நீல ‘1’ என்பது வி1, அதாவது டேக்-ஆஃபைக் கைவிடுவதா என்று முடிவெடுக்கக் கடைசி வேகம்; சின்ன வட்டம் மூக்கைத் தூக்கும் வேகம்.

சரி, இப்போது 5,000 அடியில் ஆட்டோபைலட்டையும் ஆட்டோத்ரஸ்டையும் (எஞ்சின் சக்தியைத் தானாகச் சரிசெய்வது) அணைத்து, த்ராட்டிலை ஐடிலுக்கு (குறைந்தபட்சச் சக்தி) இழுத்துவிட்டு, உயரம் குறையாமல் ஸ்டிக்கை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டே இருங்கள். அம்பு கீழே நீளும், பச்சை வட்டம் மஞ்சள் கோட்டைத் தாண்டி மேலே போகும், பின்னாலேயே ஆம்பர் வரும், ஆம்பர்-கறுப்புக்குள் கொஞ்சம் போனதும் த்ராட்டிலை நீங்கள் தொடாமலே எஞ்சின் முழுச் சக்தியில் உறுமும், மேலே ஏ.ஃப்ளோர் என்று, இந்தத் தானியங்கிப் பாதுகாப்பின் பெயர் எழுத்தாக வரும்.