ஃபான்ட் குவியலை ஒழுங்குபடுத்துவது எப்படி?

ஒரு காலத்தில் என் கணினியில் இரண்டாயிரத்துக்கும் மேல் ஃபான்ட் இருந்தது. வேர்டில் ஃபான்ட் பட்டியலைத் திறந்து, வேண்டியதைத் தேடி உருட்டி உருட்டி விரல் சலித்துவிடும். உண்மையில் நான் பயன்படுத்தியது இருபதுகூடத் தேறாது. கண்ணில் பட்டதையெல்லாம் இறக்கியது, இறக்கிய கையோடு இன்ஸ்டால் செய்தது, இரண்டும் சேர்ந்து வந்த வினை.

ஒரு ஃபான்ட் நம்மிடம் இருப்பது வேறு, அது கணினியில் நிறுவப்பட்டிருப்பது வேறு. சேகரிப்பு முழுவதும் ஒரு சாதாரண ஃபோல்டரில் சும்மா கிடக்கட்டும். இந்த வேலைக்கு எது வேண்டுமோ அதை மட்டும் உயிர்ப்பித்துக்கொள்ளலாம். கீழே உள்ளதெல்லாம் இதற்கான ஏற்பாடுதான்.

முதலில் எல்லாவற்றையும் ஓரிடத்துக்குக் கொண்டுவாருங்கள்

'ஃபான்ட் சேகரிப்பு' என்று புதிய ஃபோல்டர் ஒன்றை உருவாக்குங்கள். டவுன்லோட்ஸ், பழைய பென்டிரைவ், பிரிக்காமல் கிடக்கும் ஜிப் கோப்புகள் என்று எல்லா மூலையிலும் துழாவுங்கள். டிடிஎஃப், ஓடிஎஃப், டிடிசி ஆகிய மூன்று வகைக் கோப்புகள் நமக்கு வேண்டும். டிடிசி என்பது ஒரே கோப்புக்குள் பல ஃபான்ட் அடங்கியது. வோஃப், வோஃப்2 இரண்டும் இணையதளங்களுக்கானவை. தளம் எதுவும் நடத்தவில்லை என்றால் ஒதுக்கிவிடலாம். பிஎஃப்பி கோப்புகள் கிடைத்தால் அவை டைப் 1 என்ற பழைய வகை. 2023 ஜனவரியோடு அடோபி நிறுவனம் தன் மென்பொருள்களில் அவற்றுக்கான ஆதரவை நிறுத்திவிட்டது.

ஏற்கெனவே நிறுவியவற்றையும் நகலெடுக்க வேண்டும். விண்டோஸில் அவை இரண்டு இடங்களில் இருக்கும். விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் எல்லோருக்கும் தெரிந்தது. விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, வெறுமனே 'இன்ஸ்டால்' என்று சொடுக்கினால் ஃபான்ட் அங்கே போகாது. உங்கள் பயனர் கணக்கில் மறைந்திருக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மேக்கில் உங்கள் லைப்ரரி ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்று இருக்கும். எங்கிருந்தாலும் நகல் மட்டும் எடுங்கள், 'கட்' வேண்டாம்.

இரட்டைகளைக் களையுங்கள்

கோப்பின் பெயரை நம்பக் கூடாது. அதை யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். ஃபான்டின் உண்மையான பெயர் கோப்புக்குள் எழுதப்பட்டிருக்கிறது, மென்பொருள்கள் பார்ப்பதும் அதைத்தான். விண்டோஸில் கோப்பை இரட்டைச் சொடுக்குச் செய்தால் முன்னோட்டச் சாளரத்தின் மேல்பகுதியில் பெயரும் பதிப்பு எண்ணும் தெரியும். இரண்டு கோப்புகளில் பெயர் ஒன்றாக இருந்து, ஒன்றில் 1.0, இன்னொன்றில் 2.1 என்று இருந்தால் பொதுவாக 2.1-ஐ வைத்துக்கொள்ளலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பாதி முடிந்த வேலை ஏதாவது பழைய பதிப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய பதிப்பில் எழுத்தின் அகலம் கொஞ்சம் மாறியிருந்தாலும் வரிகள் நகர்ந்துவிடும். நான் வடிவமைத்த ஒரு புத்தகம் 212 பக்கத்திலிருந்து ராத்திரியோடு ராத்திரியாக 215 ஆனது இப்படித்தான். பொருளடக்கத்தை முதலிலிருந்து மறுபடி போட்டேன்.

வகைவாரியாக ஃபோல்டர் வேண்டாம்

புதிதாக ஆரம்பிப்பவர்கள் 'தலைப்புக்கு', 'கையெழுத்து', 'அலங்காரம்' என்று ஃபோல்டர் பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். நானும் பிரித்தேன். ஒரு கையெழுத்து ஃபான்ட் தலைப்புக்கும் பொருந்தும்போது அதை எங்கே வைப்பது? அப்புறம் இரண்டிலும் நகல், மறுபடியும் இரட்டை. ஒரு குடும்பத்துக்கு ஒரு ஃபோல்டர், அவ்வளவு போதும். தடித்தது, சாய்ந்தது, மெலிந்தது எல்லாம் ஒன்றாக இருக்கட்டும். வகை பிரிப்பதை ஃபான்ட்களை நிர்வகிக்கும் மேலாண்மை மென்பொருளிடம் விட்டுவிடுங்கள், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

அதே ஃபோல்டரில் உரிமக் கோப்பும் இருக்கட்டும். 'ஓஎஃப்எல்' (ஓபன் ஃபான்ட் லைசென்ஸ்) என்று உரிமம் இருந்தால் வணிக வேலைக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஃபான்டை மட்டும் தனியாக விற்கக் கூடாது. 'தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்' என்று வருபவற்றைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். காசு வாங்கிச் செய்யும் வேலையில் அவை தவறி நுழைந்தால் தலைவலி.

தமிழ் ஃபான்ட்களுக்கு ஒரு சோதனை

நம் சேகரிப்பில் யூனிகோட் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரும் பொது முறை) ஃபான்ட்களும், பாமினி போன்ற பழைய குறியாக்க ஃபான்ட்களும் கலந்து கிடக்கும். பிரிப்பதற்கு 'அம்மா' என்று தட்டிப் பார்த்தால் போதும் என்று தோன்றும். போதாது. ஃபான்டில் தமிழ் எழுத்தே இல்லாவிட்டாலும், கணினி சத்தமில்லாமல் விண்டோஸோடு வரும் நிர்மலா போன்ற இன்னொரு ஃபான்டை எடுத்துக் காட்டிவிடும். தமிழ் தெரிகிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது. பத்து ஃபான்டிலும் 'அம்மா' ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தால், அந்தப் பத்திலும் தமிழ் இல்லை என்று அர்த்தம்.

எதிர்ப்பக்கமாகவும் சோதியுங்கள். ஆங்கில விசைப்பலகையில் சிறிய 'எம்' எழுத்தைத் தட்டுங்கள். பாமினியில் 'அ' வரும். இப்படி ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வந்தால் அது பழைய குறியாக்கம். 'பழையவை' என்று தனி ஃபோல்டரில் போடுங்கள், அழித்துவிடாதீர்கள். பழைய கோப்பு ஒன்றைத் திறக்க வேண்டி வரும்போது அது இல்லாமல் ஒரு வரிகூடப் படிக்க முடியாது.

யூனிகோட் என்று உறுதியானவற்றில் 'கொ, ணை, க்ஷ, ஸ்ரீ' என்று தட்டுங்கள். கொம்பு எழுத்தோடு ஒட்டாமல் புள்ளி வட்டம் தெரிந்தால், அந்த ஃபான்டால் நமக்குப் பயனில்லை.

மேலாண்மை மென்பொருள்

ஃபான்ட்பேஸ் இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விண்டோஸுக்கு மட்டும் என்றால் நெக்ஸஸ்ஃபான்ட் எளிமையானது. மேக்கில் ஃபான்ட் புக் கூடவே வருகிறது. எதை எடுத்தாலும் செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றுதான். சேகரிப்பு ஃபோல்டரை அதற்குக் காட்டுங்கள். 'தலைப்பு', 'உடல் எழுத்து', நடப்பு வேலையின் பெயர் என்று தொகுப்புகள் உருவாக்கி, ஃபான்ட்களை இழுத்துப் போடுங்கள். ஒரே ஃபான்ட் நான்கு தொகுப்பில் இருந்தாலும் கோப்பு ஒன்றேதான்.

வேலை தொடங்கும்போது அந்தத் தொகுப்பை இயக்கி, முடிந்ததும் அணைத்துவிடுங்கள். ஆவணத்தைத் திறப்பதற்கு முன்பே இயக்குவது நல்லது. சில மென்பொருள்கள் மூடித் திறந்தால்தான் புதிய ஃபான்டைக் கவனிக்கும்.

கடைசியாக, நிறுவியவற்றை நீக்குங்கள்

நகல்கள் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே இதில் கை வையுங்கள். விண்டோஸில் செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், ஃபான்ட்ஸ் என்று போங்கள். நீங்கள் நிறுவியதாக உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும் நீக்குங்கள். சீகோ யூஐ, நிர்மலா யூஐ போன்றவை கணினியோடு வந்தவை, அவற்றின் பக்கமே போகாதீர்கள். மொத்தமாக நீக்காமல் ஐம்பது ஐம்பதாக நீக்கி, நடுவில் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துகொள்ளுங்கள். மேக்கில் நீக்கக்கூட வேண்டாம், ஃபான்ட் புக்கில் முடக்கி வைக்கலாம்.

முடிந்த வேலையை வேறொருவருக்கு அனுப்பும்போது ஃபான்டும் கூடவே போக வேண்டும். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் 'பேக்கேஜ்' கட்டளை பயன்படுத்திய ஃபான்ட்களைத் தனி ஃபோல்டரில் திரட்டித் தரும். வேர்டில் ஆப்ஷன்ஸ், சேவ் பகுதியில் ஃபான்டைக் கோப்போடு பொதிக்கும் வசதி இருக்கிறது. உரிமம் இடம் கொடுக்காத ஃபான்ட் என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள்.

இனி புதிதாக இறக்கும் ஃபான்ட்களுக்கு 'வரவு' என்று ஒரு ஃபோல்டர் வைத்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அதைத் திறந்து சோதிப்பேன். போன தடவை முப்பதில் நான்குதான் உள்ளே போனது.