பூனையின் மோவாயில் கரும்புள்ளிகள்: அடையாளம் காண்பதும் பராமரிப்பதும்

பூனையின் மோவாயில் மிளகுத்தூள் சிந்தியதுபோல் கருந்துகள்கள் ஒட்டியிருப்பதைக் காண்பவர்கள், அவற்றைச் சாப்பாட்டு மிச்சம் என்றே முதலில் எண்ணுகிறார்கள். துடைத்தும் போகாதபோதுதான் ஐயம் எழுகிறது. மோவாயிலும் கீழுதட்டு ஓரத்திலும் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதி. அவை சுரக்கும் கொழுப்பும், உதிர வேண்டிய தோல் செல்களும் சேர்ந்து மயிர்க்கால்களை அடைத்துக்கொள்வதால் இக்கரும்புள்ளிகள், அதாவது மோவாய்ப் பருக்கள், உண்டாகின்றன. எந்த வயதிலும், எந்த இனத்திலும் இவை வரலாம்.

தெள்ளுப்பூச்சியின் எச்சமும் இதேபோல் கறுப்பாக இருக்கும் என்பதால், சில துகள்களைச் சீப்பால் வாரி ஈரமான வெள்ளைப் பஞ்சின்மேல் வைத்துப் பாருங்கள். செம்பழுப்பு நிறம் கசிந்தால் அது தெள்ளு உறிஞ்சிய இரத்தம், பரு அன்று. முடி உதிர்ந்து வட்டத் திட்டுகள் தெரிந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும்.

வெறும் கரும்புள்ளிகளோடு நின்றுவிட்டால், பூனைக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. உண்மையில் நம் கண்ணைத்தான் அது உறுத்துகிறது. ஆயினும் பிளாஸ்டிக் கிண்ணத்தை அப்புறப்படுத்திவிடுவது நல்லது, ஏனெனில் அதன் கீறல்களில் எண்ணெய்ப் பசையும் பாக்டீரியாவும் தங்கிவிடும். எவர்சில்வர், கண்ணாடி அல்லது மெருகிட்ட பீங்கான் கிண்ணத்துக்கு மாறி, அதை நாள்தோறும் கழுவுங்கள். தண்ணீர்க் கிண்ணத்துக்கும் இது பொருந்தும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியை நாளுக்கு இருமுறை, ஐந்து நிமிடம் மோவாயில் ஒற்றிவைத்து, பிறகு ஈரம் போக மென்மையாகத் துடையுங்கள். இரண்டாவது நிமிடத்திலேயே பூனை நழுவிவிட்டால் அன்றைக்கு அதுவே போதும். மல்லுக்கட்டினால் மறுநாள் துணியைக் கண்டதும் ஓடும்.

பருவை ஒருபோதும் பிதுக்கக் கூடாது. அடைபட்ட மயிர்க்கால் தோலுக்குள்ளேயே வெடித்து, சாதாரணப் புள்ளி ஆழமான புண்ணாக மாறிவிடும். மனிதருக்கான முகப்பருக் களிம்பு, டீ ட்ரீ எண்ணெய், டெட்டால் ஆகியவற்றையும் தவிர்த்துவிடுங்கள். தடவியதைப் பூனை நக்கி விழுங்கும், அதன் கல்லீரலோ டெட்டால் போன்றவற்றில் உள்ள பீனால் வகைச் சேர்மங்களை எளிதில் முறிக்காது. தேங்காய் எண்ணெய் நஞ்சன்று, ஆனால் ஏற்கெனவே எண்ணெயால் அடைபட்ட துளையில் மேலும் எண்ணெய் பூசுவதில் பொருளில்லை.

மோவாய் வீங்கினாலோ, சீழோ இரத்தமோ கசிந்தாலோ, தொட்டால் பூனை வலியால் சீறினாலோ கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும். அவர் தோலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்து, உண்ணி வகைச் சிற்றுயிர்களோ பூஞ்சையோ உண்டா என்று ஆராய்வார். தேவைக்கேற்பக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கழுவு நீர்மம், பாக்டீரியாவுக்கு எதிரான முபிரோசின் களிம்பு, ஆழமான தொற்றாயின் சில வாரங்களுக்கு வாய்வழி ஆன்டிபயாட்டிக் ஆகியவற்றைத் தரக்கூடும். புண் காய்ந்தது கண்டு மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். சில பூனைகளுக்கு இது வாழ்நாள் முழுதும் வந்து வந்து போகும். அவற்றுக்கு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மோவாயைத் துடைத்துவருவதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டியிருக்கும்.