பீ.டீ.ஓ. தண்டு சுழலவில்லையா? முதலில் லிஃப்டைக் கவனியுங்கள்

வெலிமடை, ராகலை, நுவரெலியா பக்கங்களில் உருளைக்கிழங்கு நிலத்தை ரொட்டவேட்டரால் கிளறவும், ஓடையிலிருந்து தண்ணீர் இறைக்கவும் மாஸி பெர்குசன் 35, 135 போன்ற பழைய உழவு இயந்திரங்கள் இன்னும் பயன்படுகின்றன. இஞ்சினின் சக்தியை ரொட்டவேட்டர், நீர்ப்பம்பு போன்ற கருவிகளுக்குக் கொடுக்க அவற்றின் பின்புறத்தில் சுழலும் பீ.டீ.ஓ. தண்டு நின்றுபோனால், "கிளட்ச் போய்விட்டது" என்று சொல்லி இயந்திரத்தை நடுவில் பிரிக்கத் தொடங்கிவிடுவார்கள். அது செலவு மிகுந்த வேலை. எனவே, கோளாறு கிளட்ச் பக்கம் இருக்கிறதா, பின்பக்கம் இருக்கிறதா என்பதை ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

இயந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி, கை பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைக்கவும். சரிவான வரப்பில் இந்தச் சோதனைகள் எதையும் செய்யக்கூடாது. பழைய டீசல் இயந்திரம் சாவியைத் திருப்பியதும் நின்றுவிடாது. நிறுத்தும் குமிழை இழுத்து, தண்டு முற்றாக ஓய்ந்த பின்னரே பின்னால் போகவேண்டும். தண்டின் வேகமான நிமிடத்துக்கு 540 சுற்று என்பது நொடிக்கு ஒன்பது சுற்று. சாரத்தின் நுனியோ மழைக்கோட்டின் நாடாவோ சிக்கினால் கையை இழுத்துக்கொள்ளவும் நேரமிருக்காது.

அடுத்து, பீ.டீ.ஓ. நெம்புகோல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கவும். இந்த வகைகளில் இஞ்சின் வேகத்தில் சுழலும் நிலை, நடுநிலை, சக்கர வேகத்தில் சுழலும் நிலை என மூன்று உண்டு. மூன்றாவது நிலையில் விழுந்திருந்தால் இயந்திரம் நகரும்போது மட்டுமே தண்டு சுழலும். பழுதே இல்லாத இயந்திரம் கராஜுக்குப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நெம்புகோல் சரியாக இருந்தும் தண்டு அசையாவிட்டால், இஞ்சினை ஓடவிட்டு, பின்னால் பூட்டிய கருவியை எண்ணெய் அழுத்தத்தால் (ஹைட்ரோலிக்) உயர்த்தும் லிஃப்டைத் தூக்கிப் பார்க்கவும். இரட்டைக் கிளட்ச் (சக்கரங்களுக்கு ஒன்று, பீ.டீ.ஓ.வுக்கு ஒன்று) உள்ள 35, 135 இயந்திரங்களில் ஹைட்ரோலிக் பம்பைச் சுழற்றுவதும் பீ.டீ.ஓ. கிளட்ச் வழியாக வரும் அதே உள்தண்டுதான். அந்த உள்தண்டைப் பின்தண்டோடு நெம்புகோல் இணைக்கும் கப்ளிங் பம்புக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே லிஃப்ட் நன்றாகத் தூக்கி, தண்டு மட்டும் சுழலாதிருந்தால் கிளட்ச் மீது பழியில்லை. நெம்புகோலின் இணைப்பு, கப்ளிங், பின்தண்டின் பற்கள் ஆகியவற்றில்தான் கோளாறு. இரண்டும் சேர்ந்து செத்திருந்தால் கிளட்சையோ அந்த உள்தண்டையோ சந்தேகிக்கலாம். தண்டு சுழன்று லிஃப்ட் மட்டும் தூக்காவிட்டால் அது ஹைட்ரோலிக் விவகாரம், வேறு கதை. இன்னும் பழைய பெர்குசன் டீ.ஈ. 20 இயந்திரத்துக்கு இந்தச் சோதனை பொருந்தாது, அதில் பீ.டீ.ஓ.வைப் பூட்டினால்தான் பம்பே ஓடும்.

சுமை ஏறும்போது மட்டும் தண்டு தளர்ந்தால் இஞ்சின் சத்தத்தைக் கேட்கவும். இஞ்சினும் சேர்ந்து இறங்கினால் குறை டீசல் வடிகட்டியிலோ, காற்று வடிகட்டியிலோ, அளவுக்கு மீறி ஆழமாக இறக்கிய ரொட்டவேட்டரிலோ இருக்கலாம். இஞ்சின் அதே வேகத்தில் ஓட, தண்டு மட்டும் பின்தங்கினால் கிளட்ச் வழுக்குகிறது. அப்போது முதலில் பெடலின் இலவச அசைவை, அதாவது கிளட்சைத் தொடுவதற்கு முன் பெடல் சும்மா இறங்கும் தூரத்தை, அளக்கவும். அது அற்றுப்போயிருந்தால், கிளட்ச் தட்டு நல்லதாக இருந்தாலும் முழுப் பிடிப்புக் கிடைக்காது. அசைவு சரியாக இருந்தும் வழுக்கினால் தட்டு தேய்ந்திருக்கும், அல்லது இஞ்சினின் பின் சீலிலிருந்து (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) கசிந்த எண்ணெய் அதன்மேல் படிந்திருக்கும். இயந்திரத்தைப் பிரிக்கவேண்டிய தருணம் இதுதான்.

பெடலை அடிவரை மிதித்தும் தண்டு நிற்காவிட்டால் பெடல் சரிப்படுத்தலைப் பார்ப்பதோடு, இயந்திரம் எவ்வளவு காலம் சும்மா நின்றது என்றும் யோசிக்கவும். மலையகத்தின் மழையிலும் பனிமூட்டத்திலும் ஓடாமல் நிற்கும் இயந்திரத்தில் கிளட்ச் தட்டு துருவால் ஒட்டிக்கொள்வது சாதாரணம். கூரையுள்ள கொட்டகையும், இடைக்கிடை ஓட்டுவதும் இதற்கான மலிவான வைத்தியம்.

தண்டின் அடியில் எண்ணெய் சொட்டினால், அது கியர் பெட்டிக்கும் ஹைட்ரோலிக்குக்கும் பொதுவான எண்ணெய். அலட்சியப்படுத்தினால் நாளடைவில் லிஃப்டும் அடங்கும். எண்ணெயை இறக்கி, தண்டின் தாங்கியைப் பிடித்திருக்கும் போல்ட்களைக் கழற்றி, தண்டைப் பின்பக்கமாக இழுத்துச் சீலை மாற்றலாம். புதுச் சீலைப் பூட்டுவதற்கு முன், அது உரசும் இடத்தை நகத்தால் தடவிப் பார்க்கவும். நகம் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் அந்தப் பாகத்தையும் மாற்றவேண்டும். இல்லாவிட்டால் புதுச் சீலும் கசியும். வடித்த எண்ணெய் பால் கலந்த தேநீரின் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. அதை மீண்டும் ஊற்றாமல் புதிய எண்ணெய் விட்டு, லிஃப்டைத் தாழ்த்தி, சிறிது நேரம் கழித்து எண்ணெய் அளவுகோலில் மட்டத்தைப் பார்க்கவும்.