சபை ஹாலில் சட்ட உதவி மேசை: கிறிஸ்தவ வழக்கறிஞர்களுக்கு

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை ஹாலில் ஒரு மேசை, மூன்று நாற்காலி. பெரம்பூரிலோ சைதாப்பேட்டையிலோ தொடங்க அது போதும். ஆனால் முதலில் உங்கள் வழக்கறிஞர் பதிவைக் காத்துக்கொள்ளுங்கள். பார் கவுன்சில் விதி 49-இன்படி, அறக்கட்டளையில் முழுநேரச் சம்பளத்துக்குச் சேர்ந்தால் வழக்காட முடியாது. விதி 36 விளம்பரத்தைத் தடுக்கிறது. ஆர்வக் கோளாறில் யாராவது உங்கள் படத்தோடு ஃப்ளெக்ஸ் அடித்துவிடுவார்கள், முன்கூட்டியே தடுத்துவிடுங்கள்.

கட்சிக்காரர் பேசும்போது போதகர் உடனிருக்கக் கூடாது. வழக்கறிஞரிடம் சொன்னதைச் சாட்சியச் சட்டம் காக்கும். போதகரிடம் சொன்னதற்கு அந்தக் காப்பு இல்லை. ஜெபம் பேச்சு முடிந்தபின், கட்சிக்காரரே கேட்டால் மட்டும்.

அதிகம் சறுக்குவது சாதிச் சான்றிதழில்தான். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கியர், பௌத்தர் மட்டுமே பட்டியல் சாதியினர். கிறிஸ்தவரான தலித்துகள் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். ஆகவே பட்டியல் சாதியினர், பழங்குடியினரை மட்டும் காக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் எழுதுமுன் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். சான்றிதழில் இந்து, ஞாயிறுதோறும் சபை என்றிருப்பவர் வடசென்னையில் ஏராளம். மறைக்கச் சொல்லித் தராதீர்கள், ஞானஸ்நானப் பதிவேடு ஒருநாள் நீதிமன்றத்துக்கு வரலாம். தாக்குதல், மிரட்டல் பிரிவுகளையும் சேர்த்தே எழுதினால் அந்தச் சட்டம் கைவிட்டாலும் வழக்கு நிற்கும். பழங்குடியினருக்கு இந்த மதத் தடை இல்லை.

இலவச சட்ட உதவிக்கும் இதே சிக்கல் வரும் என்று பயப்பட வேண்டாம். பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்களுக்குச் சாதி, மதம் பார்க்காமல் அது கிடைக்கும், வருமான வரம்பும் கிடையாது.

செங்கல் சூளை, அரிசி ஆலைத் தொழிலாளர்கள் வந்தால் 1976-ஆம் ஆண்டு கொத்தடிமை ஒழிப்புச் சட்டம். அது மதம் பார்ப்பதில்லை. மனுவில் வாங்கிய முன்பணம், கிடைத்த கூலி, வெளியே போக விட்டார்களா என்ற மூன்றும் இருக்க வேண்டும். கோட்டாட்சியரிடம் விடுதலைச் சான்று வாங்காமல் ஊருக்கு அனுப்பிவிட்டால், 30,000 ரூபாய் வரையான உடனடி உதவிக்கும் பிறகு அலைய வேண்டியிருக்கும்.

காவல் நிலையத்தில் வழக்குப் பதியாமல், புகார் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு நிறுத்திவிட்டால், புகாரைத் துணை ஆணையருக்குத் தபாலில் அனுப்பி, அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். மாஜிஸ்திரேட்டிடம் போக அது தேவைப்படும்.

சபைச் சொத்து, சபைத் தேர்தல் வழக்குகளை இந்த மேசையில் தொடவே வேண்டாம். குடும்ப வன்முறையில் மூப்பர்கள் சமாதானம் பேச வருவார்கள். அந்தப் பெண் கேட்காதவரை விடாதீர்கள். கணவனும் அதே சபை என்றால், முதலில் வந்தவருக்கே நீங்கள் வழக்கறிஞர். மற்றவரைச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணுக்கு அனுப்புங்கள்.