டிஸ்சார்ஜ் புக்கில் மெடல் விடுபட்டிருக்கிறதா? திருத்துவது இப்படி

குன்னூர், கோத்தகிரி, கேத்தி பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் பட்டாளத்துக்குப் போய் வந்தவர் ஒருவராவது இருப்பார். அவர் வீட்டு டிரங்கு பெட்டியில், பட்டாளத்திலிருந்து வெளியே வரும்போது அவர் சர்வீஸ் விவரங்களை எழுதிக் கொடுத்த ஒரு டிஸ்சார்ஜ் புக்கும் இருக்கும். அதை எடுத்து மெடல் பகுதியை மட்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதைப் படிக்க நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அப்பா 1971 போரில் மேற்கு முனையில் லாரி ஓட்டியவர். ஒரு முன்னாள் படைவீரர் கூட்டத்துக்கு அவரைக் கூட்டிப் போனபோதுதான் கவனித்தேன், அவரோடு அதே கான்வாயில் ஓட்டிய நண்பர் சட்டையில் நான்கு ரிப்பன், அப்பா சட்டையில் ஒன்றே ஒன்று. கேட்டால் "எனக்கு வரலைப்பா" என்றார், அவ்வளவுதான். யூனிட் மாறிப்போன சமயத்தில் எவரோ எழுதாமல் விட்ட ஒரு வரி அது. அதைத் திருத்த எங்களுக்குப் பதினான்கு மாதம் ஆனது. வழி தெரிந்திருந்தால் அதில் பாதிக் காலத்தில் முடிந்திருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் எது விடுபட்டது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மெடல் புக்கில் பதிவாகியிருக்கிறது, ஆனால் கைக்கு வரவில்லை என்பது ஒன்று. வந்த மெடல் தொலைந்துவிட்டது என்பது இன்னொன்று. பதிவே இல்லை என்பது மூன்றாவது, இதுதான் கஷ்டமானது. மூன்றுக்கும் எழுதும் கடிதம் வேறு வேறு. பதிவு இல்லாதவர் "எனக்கு மெடல் அனுப்புங்கள்" என்று எழுதினால் "உங்கள் ஆவணத்தில் அப்படி எதுவும் இல்லை" என்று ஒரு வரியில் பதில் வந்துவிடும், நாங்கள் செய்த முதல் தப்பு அதுதான். ராணுவத்தில் ஒருவருடைய போஸ்டிங், பிரமோஷன், லீவு, மெடல் எல்லாம் பார்ட் டூ ஆர்டர் என்ற அலுவலக ஆணையில் வெளியாகி, அதைப் பார்த்துதான் ஷீட் ரோல் என்ற அவருடைய சர்வீஸ் ஆவணத்தில் ஏறும். அந்த ஆர்டர் வெளியாகவில்லை என்றால் மெடலும் இல்லை. ஆகவே நீங்கள் கேட்க வேண்டியது அந்தப் பதிவை.

எந்த மெடலுக்குத் தகுதி என்று தெரியாமல் பொதுவாக எழுதக் கூடாது. 1971 போர் என்றால் கிழக்கு முனையில் இருந்தவருக்கு பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் இருந்தவருக்கு பஸ்சிமி ஸ்டார். சங்க்ராம் மெடல் இன்னும் விரிவானது, 1971 டிசம்பர் 3 முதல் 1972 டிசம்பர் 20 வரை பஞ்சாப், ராஜஸ்தான், குஜராத், ஜம்மு காஷ்மீர், மேற்கு வங்கம், அசாம் போன்ற பகுதிகளில் பணியில் இருந்தவர்களுக்கு உரியது. 1972 ஆகஸ்ட் 15 அன்று சர்வீஸில் இருந்தவர்களுக்குச் சுதந்திர வெள்ளிவிழா மெடல் உண்டு, பலருடைய புக்கில் இதுகூட இருக்காது. 1965 போருக்கு சமர் சேவா ஸ்டாரும் ரக்ஷா மெடலும், கார்கிலுக்கு ஆபரேஷன் விஜய் ஸ்டாரும் மெடலும், சியாச்சினுக்குத் தனி மெடல். அப்புறம் ஒன்பது, இருபது, முப்பது வருட சேவை மெடல்கள். எதிரியின் குண்டில் காயப்பட்டவருக்கு இவற்றோடு காயமடைந்தோருக்கான மெடலும் சேரும், அதை நிரூபிக்க மருத்துவமனைக் காகிதம் ஒன்றாவது வேண்டும்.

சரி, ஆதாரம். இங்கேதான் நிறைய நேரம் செலவழியுங்கள். சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான், இந்த ஆள் இந்தத் தேதியில் இந்த யூனிட்டோடு இந்த இடத்தில் இருந்தாரா. பழைய கடிதங்களின் உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 56 ஏபிஓ, 99 ஏபிஓ (ராணுவத் தபால் நிலையம்) என்ற முகவரியும் தபால் முத்திரைத் தேதியும் சேர்ந்தால் அது நல்ல சான்று. லீவு சர்டிபிகேட், மூவ்மென்ட் ஆர்டர், பின்னால் தேதி எழுதிய போட்டோ, கூட இருந்தவர் தம் ஆர்மி நம்பரும் அதே மெடல் உள்ள தன் டிஸ்சார்ஜ் புக் நகலும் வைத்துக் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரம், எல்லாம் உதவும். எங்களுக்குத் திருப்பம் தந்தது அந்த நண்பரின் புக் நகல்தான், ஒரே பிளட்டூன், ஒரே தேதிகள். நம் மலையில் இன்னொரு தொல்லை, ஈரம். ஜூன் மாத மழையில் டிரங்கு பெட்டிக்குள் எல்லாக் காகிதமும் பூஞ்சை பிடித்துவிடும். கிடைத்ததை உடனே ஸ்கேன் செய்யுங்கள். ஒரிஜினலை லேமினேட் செய்யாதீர்கள், பின்னால் எந்தப் பதிவையும் அதில் எழுத முடியாது.

ரெக்கார்ட் ஆபீஸ் எங்கே என்பது அவர் எந்த ரெஜிமென்ட் அல்லது கோர் என்பதைப் பொறுத்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நம் வெலிங்டனிலேயே இருக்கிறது, பெரியவர் நடக்க முடிகிறவர் என்றால் அடையாள அட்டையோடு நேரில் கூட்டிப் போவதே நல்லது. மெட்ராஸ் சாப்பர்ஸுக்கு (இன்ஜினியர் படை) பெங்களூரு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஆர்ட்டிலரிக்கு நாசிக் ரோடு, இஎம்இக்கும் (வாகனம், இயந்திரம் பழுதுபார்க்கும் பிரிவு) ஆர்ட்னன்ஸுக்கும் (ஆயுத, தளவாடப் பிரிவு) செகந்திராபாத், மெடிக்கல் கோருக்கு லக்னோ, டிஎஸ்சிக்கு (டிஃபென்ஸ் செக்யூரிட்டி கோர்) கண்ணூர். வெலிங்டனில் இத்தனை வருடம் குடியிருந்தோம் என்பதற்காக எல்லாரும் அங்கே போய் நிற்க வேண்டாம், வேறு கோர் ஆட்களின் ஷீட் ரோல் அங்கே இருக்காது.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். மேலே ஆர்மி நம்பர், ரேங்க், பெயர் (டிஸ்சார்ஜ் புக்கில் எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில்), சேர்ந்த தேதி, வெளியே வந்த தேதி. பிறகு நேராக: "நான் 1971 டிசம்பரில் இந்த யூனிட்டில் இந்தப் பகுதியில் பணியாற்றினேன். பஸ்சிமி ஸ்டார், சங்க்ராம் மெடல் ஆகியவற்றுக்கான பதிவு என் டிஸ்சார்ஜ் புக்கில் இல்லை. ஷீட் ரோலையும் இணைத்துள்ள சான்றுகளையும் சரிபார்த்து, பார்ட் டூ ஆர்டர் வெளியிட்டு, பதிவைத் திருத்தி, மெடல்களை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்." ஆங்கிலத்திலோ இந்தியிலோ அனுப்புவது நல்லது. இணைப்பது நகல்கள் மட்டும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கையெழுத்து பெரியவருடையதாகவே இருக்கட்டும். அவர் காலமாகிவிட்டார் என்றால் மனைவியோ வாரிசோ எழுதலாம், இறப்புச் சான்றும் உறவுக்கான ஆதாரமும் சேர்க்க வேண்டும்.

ஊட்டியில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அங்கே ஒரு நகல் கொடுத்து, அவர்கள் மூலமாகவும் ஒரு கடிதம் போகும்படி கேளுங்கள். அலுவலகத்திலிருந்து அலுவலகத்துக்குப் போகும் கடிதத்துக்குக் கோப்பு எண் கிடைக்கும், பிறகு நீங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் அந்த எண்ணைப் போடலாம்.

இரண்டு மூன்று மாதம் பதிலே இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்துக்குப் போங்கள். 2005ஆம் ஆண்டுச் சட்டம், கட்டணம் பத்து ரூபாய், முப்பது நாளில் பதில் தர வேண்டும். இதில் "ஏன் மெடல் தரவில்லை" என்று கேட்காதீர்கள், அது தகவல் அல்ல. "என் ஷீட் ரோலின் சான்றிட்ட நகல், 1971 முதல் 1973 வரை என் பெயரில் வெளியான பார்ட் டூ ஆர்டர்களின் நகல், என் மனு மீது எடுத்த நடவடிக்கையின் விவரம்" என்று கேளுங்கள். ஷீட் ரோல் நகல் கைக்கு வந்தவுடன் பாதி வேலை முடிந்தது மாதிரி, ஏனென்றால் யூனிட்டும் தேதியும் அவர்கள் ஆவணத்திலேயே இருக்கும். பதில் சரியில்லை என்றால் முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் கிடையாது.

ஒரு விஷயத்தில் தாமதம் வேண்டாம். பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் சர்வீஸ் ஆவணங்களை 25 வருடத்துக்குப் பிறகு அழித்துவிடுவது வழக்கம். அப்படி அழிந்திருந்தாலும் லாங் ரோல் என்ற பேரேடு இருக்கும், அதன் நகலைக் கேளுங்கள். அந்த நிலையில் கூட இருந்தவர்களின் சாட்சிதான் பெரிய பலம், அவர்களுக்கும் இப்போது எழுபத்தைந்து எண்பது வயது.

வீர விருது என்றால் கொஞ்சம் வேறு மாதிரி. வீர் சக்ரா, வீரத்துக்கான சேனா மெடல் போன்றவை இந்திய அரசிதழில் பெயரோடு வரும். அந்த அரசிதழ் நகலே போதுமான சான்று. இவற்றுக்கு மாதாமாதம் பணமும் உண்டு, ஆகவே பதிவு திருந்தியதும் பென்ஷன் ஆணையில் திருத்தம் கேட்டு வாங்குங்கள். சேனா மெடலிலேயே வீரத்துக்குத் தருவது, சிறந்த சேவைக்குத் தருவது என இரண்டு வகை, பணம் முதல் வகைக்கு மட்டும்.

எழுத்து மூலம் மறுத்துவிட்டால் சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது. மறுப்பு ஆணை இட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், அதனால் அந்தக் கடிதத்தையும் உறையையும் தேதியோடு வைத்திருங்கள். நாங்கள் அதுவரை போக வேண்டியிருக்கவில்லை.

கடைத்தெருவில் விற்கும் மெடலை வாங்கிக் குத்திக்கொள்வதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், பதிவு இல்லாத மெடல் பெரியவருக்குத்தான் அவமானம். உண்மையான மெடல் வரும்போது அதன் விளிம்பில் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும். பார்சலைப் பிரித்த அன்றே கண்ணாடி போட்டுக்கொண்டு அந்த விளிம்பைப் படியுங்கள், எழுத்து மாறியிருந்தால் உடனே எழுதிவிடுங்கள். அப்பா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நம்பரை ஒவ்வொரு இலக்கமாகச் சத்தமாகப் படித்தார், எல்லாம் சரியாக இருந்தது.